தராசில் ஏறிய மீன்

கணவன்: அந்தத் தவளையையாவது விட்டு வையேன்.

மனைவி: எதுக்கு?

கணவன்: பாவம்... உன்னையே முழிச்சு முழிச்சுப் பாக்குது.

மனைவி: மீனுக்குப் போடுற ரப்பர் தவளைங்க அது. முழிக்காது.

கணவன்: அதோட வயித்துல ஓட்டை விழுந்தப்போ நீதானே பசை போட்டு ஒட்டின? ஜன்னல்ல காய வச்சுட்டு, தொடாதீங்க தொடாதீங்கன்னு என்னை விரட்டிக்கிட்டே இருந்த.

மனைவி: அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க. கால்ல தூண்டில் முள்ளு ஏறிடப் போகுது.

கணவன்: நிஜமாவே எல்லாத்தையும் கொடுக்கப் போறியா?

மனைவி: எல்லாத்தையும்.

கணவன்: தூண்டில் ராடு மொத்தமும்?

மனைவி: மொத்தமும்.

கணவன்: யாருக்கு?

மனைவி: யார் வேணா எடுத்துக்கட்டும். வாசல்ல வச்சுட்டா போச்சு.

கணவன்: வாசல்ல வச்சா... நேத்து நடந்ததுக்கு அப்புறம் யாரும் அதைத் தொடக்கூட... ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரல.

மனைவி: சரியாத்தான் சொன்னீங்க. திருடியோட தூண்டிலை யார் தொடுவா?

கணவன்: அந்த வார்த்தையைச் சொல்லாத.

மனைவி: நேத்து பூரா கூட்டமும் சொல்லுச்சு. நான் ஒருத்தி சொல்லாட்டா என்ன குறைஞ்சுடும்? இந்த ஷெட் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குங்க.

கணவன்: இருட்டாயிடும்.

மனைவி: ஆகட்டும். எதிர் வீட்டம்மா செடிக்குத் தண்ணி ஊத்துற சாக்குல இங்கேயே பாத்துட்டு நிக்கிறாங்க. அந்தச் செடி அழுகியே போயிடும்.

கணவன்: ஹ...

மனைவி: சிரிக்காதீங்க.

கணவன்: நீதானே சிரிக்கிற மாதிரி சொன்ன.

மனைவி: எனக்கு வாய் பழக்கம். மனசு சிரிக்கல.

கணவன்: டீ ஆறுது.

மனைவி: ஆறட்டும்.

கணவன்: தையல் கடையைத் திறக்கலையா இன்னிக்கு? ஏதோ கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கணும்னியே.

மனைவி: அவங்களே காலையில வந்து துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவசரம் இல்லையாம். அவசரம் இல்லாத கல்யாணம்... துணியை எண்ணிப் பாத்துத்தான் வாங்கினாங்க. என் கண்ணு முன்னாலயே.

கணவன்: சீ, அவங்க எப்பவும் எண்ணித்தான் வாங்குவாங்க.

மனைவி: இத்தனை வருஷமா எண்ணினதே இல்லீங்க. அந்த ரீலைக் கீழ வைங்க.

கணவன்: தூண்டில் நரம்பு அறுந்து தொங்குதே, சுத்தி வைக்கலாம்னு...

மனைவி: வைங்கன்னேன்ல.

கணவன்: சரி... சரி. இதுலதானே அந்தப் பெரிய மீன் மாட்டுச்சு?

மனைவி: மாட்டிட்டுப் போச்சு.

கணவன்: நீ முழுசா சொல்லவே இல்ல. போட்டி முடிஞ்சு படகை விட்டு இறங்கும்போது "போச்சு, போச்சு"ன்னு மட்டும் சொன்ன. அப்புறம்தான் அந்த... அமளி ஆயிடுச்சு.

மனைவி: இப்போ அதைக் கேட்டு என்ன பண்ணப் போறீங்க?

கணவன்: சும்மா. நீ மீன் கதை சொன்னா எனக்குப் பிடிக்கும். பாதி புரியாது, இருந்தாலும் பிடிக்கும்.

மனைவி: உங்களுக்குப் பாதியா புரியும்? முதல் தடவை ராடை வீசினப்போ உங்க தொப்பியையே பிடிச்சவர் நீங்க.

கணவன்: நல்ல எடை அந்தத் தொப்பி.

மனைவி: ரீல்ல நரம்பு சிக்கிக் குருவிக் கூடு மாதிரி ஆகி, கத்தரிக்கோல் போட்டு வெட்டினேன்.

கணவன்: சரி சொல்லு. அந்த மரத்துக்கிட்டயா?

மனைவி: ம்... ஏரியோட கிழக்கு மூலையில, தண்ணிக்குள்ள சாஞ்சு கிடக்குமே ஒரு பட்ட மரம். பாஸ் மீன் ஒண்ணும் துரத்தி ஓடி வேட்டையாடுற ஜாதி இல்ல. நிழல்ல பதுங்கி நிக்கும். முன்னாடி எது போனாலும் லபக்குனு வாயைத் திறக்கும். வெயில் ஏற ஏற இன்னும் உள்ள போயிடும், கிளை இடுக்குக்குள்ள.

கணவன்: எதைப் போட்ட? தவளையையா?

மனைவி: தவளை மேல மிதக்கும். அது பாசி படர்ந்த இடத்துக்கு. இங்க அடியில போகணும். கறுப்பு ரப்பர் புழு போட்டேன். முள்ளோட முனையைப் புழுவோட உடம்புக்குள்ளயே புதைச்சுடணும், அப்பதான் கிளையில மாட்டாது. முன்னாடி கனத்துக்குத் தோட்டா மாதிரி சின்னதா ஒரு ஈயம், அவ்வளவுதான். மரத்துக்கு அந்தப் பக்கமா வீசி, நரம்பைத் தளர்த்தி விட்டுட்டேன். அது பாட்டுக்கு இறங்கட்டும்னு.

கணவன்: இழுக்கலையா?

மனைவி: இழுக்கவே கூடாது. எல்லாரும் அங்கதான் தப்புப் பண்றாங்க, அவசரப்பட்டு. இறங்குற நேரத்துலதான் அது வாயில வாங்கும். வெடுக்குனு எல்லாம் இழுக்காது. நரம்பு லேசா... இப்படி... பக்கவாட்டுல நகரும். யாரோ உள்ள இருந்து ஒரு நூலை ஒதுக்கி வைக்கிற மாதிரி. அதைக் கண்ணு பாத்துடணும்.

கணவன்: பாத்தியா?

மனைவி: பாத்தேன். நரம்பைக் கொஞ்சம் சுத்திட்டு, ராடை மேல வெட்டி இழுத்தேன். அடேங்கப்பா... ராடு பாதி வளைஞ்சு நின்னுச்சு. மரத்தையே பிடிச்சுட்டேன்னு நெனச்சேன். அப்புறம் அந்த மரம் நீந்த ஆரம்பிச்சுது.

கணவன்: ஹா!

மனைவி: ஒரு தடவை மேல வந்து தலையை உதறுச்சு. வாய் இவ்வளவு அகலம். என் ரெண்டு கையும் உள்ள போகும். என் ஜென்மத்துல அப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. அப்படியே கீழ திரும்பி ஒரு ஓட்டம். ஓடட்டும், ரீல் நரம்பை விட்டுக் கொடுக்கும், களைச்சுப் போய் வரும்னு...

கணவன்: வரலையா?

மனைவி: ரீல் விட்டுக் கொடுக்கல. பிரேக் இறுகிக் கிடந்தது. மீன் இழுக்க இழுக்க நரம்பு கொஞ்சம் கொஞ்சமா போகணும், அதுக்குத்தான் அந்தச் சக்கரம். கல்லு மாதிரி இருந்துச்சு. பட்டுனு ஒரு சத்தம். அவ்வளவுதான். காலையில ஒரு தடவை கையால இழுத்துப் பாத்திருக்கணும். எப்பவும் பாப்பேன். நேத்து என்னவோ பாக்கல. என் தப்பு.

கணவன்: உன் தப்பு இல்ல.

மனைவி: அப்போ யாரோட தப்பு? மீனோடதா?

கணவன்: இல்ல, நான் சொல்ல வந்தது...

மனைவி: இருங்க. யாரோ ஷட்டரைத் தட்றாங்க.

அண்ணன்: நான்தான். திற.

கணவன்: மச்சான்...

மனைவி: அண்ணாவா? நான் உள்ள இல்லைன்னு சொல்லுங்க.

அண்ணன்: காது கேக்குது எனக்கு. திறங்க மாப்பிள்ளை.

கணவன்: வாங்க மச்சான். குனிஞ்சு வாங்க, தலை இடிச்சுக்காம.

அண்ணன்: என்ன இது? கடை பரப்பி வச்சிருக்க?

மனைவி: எல்லாத்தையும் கொடுத்துடப் போறேன்.

அண்ணன்: ஓ.

கணவன்: உக்காருங்க மச்சான். டீ போடவா?

அண்ணன்: வேணாம். தூண்டில் சங்கத்துல எல்லாரும் கூடிப் பேசினோம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். செயலாளரா வந்திருக்கேன். அண்ணனா வரல.

மனைவி: சொல்லு.

அண்ணன்: இனிமே எந்தப் போட்டியிலயும் உனக்கு இடம் கிடையாது. இந்த வருஷம் மட்டும் இல்ல. எப்பவுமே. சங்கத்துப் பலகையில இருந்து உன் பேரை எடுத்தாச்சு. எழுதினதும் என் கைதான், அழிச்சதும் என் கைதான்.

மனைவி: சரி.

அண்ணன்: புதுசா வர்ற பொம்பளைங்களுக்கு வீசக் கத்துக் கொடுப்பியே, அதுவும் வேணாம்னுட்டாங்க.

மனைவி: சரி.

அண்ணன்: என்ன சரி? எதைச் சொன்னாலும் சரியா? தச்சர் என்ன பண்ணார் தெரியுமா? நீ செஞ்சதால ஜெயிச்சவர் அவர். கோப்பையை வாங்கிக்க மாட்டேன்னுட்டார். "இந்தம்மா நகக்கண் அளவு நீளம் குறைஞ்சாலே மீனைத் திருப்பித் தண்ணியில விடுறவங்க. அவங்களைப் போயா? எங்கயோ தப்பு நடந்திருக்கு, மறுபடி விசாரிங்க"ன்னு எழுந்து நின்னு வாதாடினார். நீ டேப் வச்சு அளக்குறதைப் பாத்து டேப்பக்கா டேப்பக்கான்னு கிண்டல் பண்ண பயலுங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தானுங்க.

மனைவி: தச்சர் அப்படியா சொன்னார்?

அண்ணன்: ஆமா. அந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியல என்னால.

கணவன்: மச்சான், இதை இப்பவே சொல்லணுமா? அவ காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல.

அண்ணன்: நானும்தான் சாப்பிடல மாப்பிள்ளை. அந்த மீனை அறுத்த கை இது.

மனைவி: அண்ணா... அந்த மீன்...

அண்ணன்: என்ன?

மனைவி: ரொம்பத் துடிச்சுதா?

அண்ணன்: நீ கேக்குறியா இதை?

மனைவி: கூட்டத்துல எனக்குத் தெரியல. அதான்.

அண்ணன்: எடை பாத்து முடிச்சதும் மத்த மீனுங்களோட சேத்துத் தொட்டியில விட்டேன். மத்ததெல்லாம் நீந்திப் போச்சு. இது மட்டும் தலை கீழா அடிக்குப் போயிடுச்சு. வாலை ஆட்டி ஆட்டி மேல வரப் பாக்குது, முடியல. கையை விட்டு எடுத்தா வயித்துல கட்டி மாதிரி என்னவோ தட்டுப்படுது. பிழைக்காதுன்னு தெரிஞ்சுதான் தலையில ஒரு போடு போட்டுட்டு அறுத்தேன். எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. எடை கூட்டத் திணிச்ச ஈயம் டங்குனு மேசையில விழுது. உன் பேரைக் கூப்பிட்டு, உன் கழுத்துல மாலை போட ஆள் நின்னுட்டு இருக்கான்.

மனைவி: போதும் அண்ணா.

அண்ணன்: "இது எப்படி வந்துச்சு"ன்னுதான் கேட்டேன். கேட்டு வாய் மூடல, "நான்தான் போட்டேன்"னுட்ட. கொஞ்சமாவது யோசிச்சியா? ஏன் அவ்வளவு அவசரம்?

மனைவி: செஞ்சதைச் சொன்னேன்.

அண்ணன்: எந்த ஈயம் போட்ட?

மனைவி: எந்த ஈயம்னா... ஈயம்தான்.

அண்ணன்: எந்த மாதிரி?

மனைவி: பெட்டியில எது இருந்துச்சோ அது. தோட்டா ஈயம்.

அண்ணன்: வயித்துல இருந்தது தோட்டா இல்ல. பேரிக்கா மாதிரி, மேல வளையம் வச்சது. நான் தூண்டில் பிடிச்ச நாள்ல இருந்து நீ பேரிக்கா ஈயம் போட்டு ஒரு மீன் பிடிச்சு நான் பாத்ததில்ல. "அது அடியில போய்க் கல்லுல சிக்கும்ணா, பாஸுக்கு ஆகாது"ன்னு எனக்கே பாடம் நடத்தினவ நீ.

மனைவி: கைக்கு வந்ததை எடுத்தேன். மறந்துட்டேன்.

அண்ணன்: மாப்பிள்ளை.

கணவன்: ம்... சொல்லுங்க மச்சான்.

அண்ணன்: நீங்க என்ன சொல்றீங்க?

கணவன்: நான்... நான் என்ன மச்சான்...

மனைவி: அவரை எதுக்கு இழுக்குற? அவருக்கு மீனுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியாது.

அண்ணன்: ஈயத்தைத் திணிக்க, வாய் எதுன்னு தெரிஞ்சா போதும்.

கணவன்: மச்சான், கேளுங்க, நான்...

மனைவி: நீங்க வாயை மூடுங்க!

கணவன்: இல்ல, அவர் கேக்குறார்ல...

மனைவி: மூடுங்கன்னேன்! அண்ணா, நான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். கூட்டத்துலயும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். செயலாளரா வந்தேன்னியே, வந்த வேலை முடிஞ்சுது. கிளம்பு.

அண்ணன்: இப்ப அண்ணனா கேக்குறேன். தெருவுல ரெண்டு பேர் நிறுத்திக் கேட்டுட்டாங்க, உன் தங்கச்சியா இப்படின்னு. அதைச் செஞ்சது என் தங்கச்சி இல்லைன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரே ஒரு வார்த்தை கொடு. அதை வச்சு நான் பாத்துக்கிறேன்.

மனைவி: என்கிட்ட அந்த வார்த்தை இல்ல.

அண்ணன்: யாரைக் காப்பாத்துறன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத.

மனைவி: கிளம்புண்ணா. கையெடுத்துக் கும்பிடுறேன்.

அண்ணன்: மாப்பிள்ளை, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். பலகையில பேரை அழிச்ச இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. யாராவது நேரா வந்து என் மூஞ்சியைப் பாத்து உண்மையைச் சொன்னா, அன்னிக்கே அந்த இடத்துல திரும்ப எழுதுவேன். வரேன்.

கணவன்: மச்சான்... தலை... பாத்து...

மனைவி: போயிட்டானா?

கணவன்: திரும்பியே பாக்காமப் போறார்.

மனைவி: ஷட்டரை முழுசா இறக்குங்க.

கணவன்: லைட்டு போடவா?

மனைவி: வேணாம். அந்த நரம்புச் சுருளை எடுங்க. பையில போடலாம்.

கணவன்: உனக்குத் தெரியும். இல்ல?

மனைவி: எடுங்கன்னேன்.

கணவன்: தெரிஞ்சேதான் சொல்லியிருக்க. நான் மடையன், ராத்திரி பூரா, உனக்குத் தெரியுமா தெரியாதான்னு உன் முதுகைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன்.

மனைவி: நான் தூங்கல. நீங்க பாத்தது தெரியும்.

கணவன்: நான்தான் போட்டேன்.

மனைவி: ம்.

கணவன்: "ம்"மா? ஒரு அறை விடேன். அந்த ராடை எடுத்து நாலு போடு போடேன்.

மனைவி: ராடு உடைஞ்சுடும்.

கணவன்: விளையாடாத.

மனைவி: விளையாடலைங்க. தெம்பு இல்ல.

கணவன்: நான் சொல்லிடுறேன். முழுசா சொல்லிடுறேன், குறுக்க பேசாத. ரீலையும் நான்தான்...

மனைவி: ரீலையா?

கணவன்: முந்தின நாள் நீ கடையில இருந்தப்போ, எல்லாத்தையும் துடைச்சு வைக்கலாம்னு உக்காந்தேன். உனக்கு ஏதாவது ஒத்தாசை பண்ணணும்ல. நீ பாட்டுக்குத் தைக்கிற, ஏரிக்குப் போற, நான் கரையில குடையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். அந்தச் சக்கரம் லூசா இருந்துச்சு. கழண்டு கிடக்குன்னு நெனச்சு நல்லா இறுக்கி வச்சேன். பல்லைக் கடிச்சு இறுக்கினேன்.

மனைவி: ...நீங்களா?

கணவன்: அது உனக்குத் தெரியாதா?

மனைவி: இல்ல. இது தெரியாது.

கணவன்: படகு கரைக்கு வந்ததும் நீ அந்த ரீலைத்தான் கையில வச்சிருந்த. "பிரேக் இறுகிப் போச்சுங்க, என் வாழ்நாள் மீன் போச்சு"ன்ன. அழல நீ. அழுதிருந்தா கூடப் பரவாயில்ல. சிரிச்ச. "இந்த வருஷமும் ரெண்டாவதுதான்"ன்னு சொல்லிச் சிரிச்ச.

மனைவி: அப்பவே சொல்லியிருக்கலாமே, ரீலை இறுக்கினது நீங்கதான்னு.

கணவன்: வாய் வரல. அத்தனை பேர் நிக்கிறாங்க. அப்புறம் நீ மீனையெல்லாம் தண்ணிப் பையில மாத்தி என் கையில கொடுத்துட்டு, படகு ஏத்துற வண்டியை நிறுத்தப் போயிட்ட. எனக்குத்தான் அதைப் பின்னாடி எடுக்கத் தெரியாதே. பக்கத்துலயே பெட்டி. மேல் தட்டுல உங்க அப்பாவோட பழைய பேரிக்கா ஈயம். நான்தானே உன்னோட மீனைத் தொலைச்சேன், அதோட எடையை நானே திருப்பி வச்சுடலாம்னு... அப்படித்தான் தோணுச்சு. சத்தியமா அந்த நேரத்துல அது திருட்டுன்னு கூடத் தோணல. கணக்கை நேர் பண்ற மாதிரி இருந்துச்சு.

மனைவி: இதையெல்லாம் எப்படிங்க...

கணவன்: கையை நனைச்சுட்டுத்தான் தொட்டேன். நீ எப்பவும் சொல்வியே, காஞ்ச கையால தொட்டா மீன் தோலுக்கு ஆகாது, மேல இருக்கிற வழவழப்புப் போயிடும்னு. நனைச்சுட்டுத்தான்...

மனைவி: ஐயோ, நிறுத்துங்க.

கணவன்: அது என்னைப் பாத்துச்சு. தண்ணிக்குள்ள இருந்து.

மனைவி: நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!

கணவன்: சரி. நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்... தண்ணி குடி. இந்தா.

மனைவி: வேணாம்.

கணவன்: கொஞ்சம் குடி. உனக்கு ஒரு பாவமும் தெரியாது. நீ பாட்டுக்கு வந்து பையைத் தூக்கிட்டு நிமிந்து நடந்து போன. மச்சான் மீனை அறுத்ததும் என்னைத் திரும்பிப் பாத்த. என் முகத்தைப் பாத்ததும் புரிஞ்சிருக்கும் உனக்கு. அந்த ஒரு நொடிக்குள்ள எப்படித்தான்... யாரு செய்வா அப்படி? புருஷன் பண்ண அசிங்கத்தைத் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிட்டு, அத்தனை பேர் முன்னாடி...

மனைவி: அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

கணவன்: சொல்லுவேன். நான் உனக்குக் கொஞ்சமும் தகுதி இல்லாதவன். நீ தூய தங்கம்.

மனைவி: என்னைக் கொல்லாதீங்க.

கணவன்: தச்சர் மாதிரி வெளி மனுஷனே உனக்காக எழுந்து நிக்கிறார். கூட வாழுறவன் நான், வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். நேத்து நின்னேன், இப்போ உங்க அண்ணன் முன்னாடியும் நின்னேன். போதும். எங்க என் செருப்பு?

மனைவி: எங்க போறீங்க?

கணவன்: மச்சான் தெருமுனை கூடத் தாண்டியிருக்க மாட்டார். அவர் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டு வரேன். அங்கிருந்து நேரா தச்சர் வீடு. அப்புறம் வீடு வீடா போறேன். என் பேர் நாறட்டும். எனக்கு என்ன, நான் பேக்கரியில மாவு பிசையிறவன், மாவு என் பேரைக் கேக்குதா? உன் பேர் பலகையில இருக்கணும்.

மனைவி: போகாதீங்க.

கணவன்: ஏன்?

மனைவி: வேணாம்.

கணவன்: என்னை இன்னும் எவ்வளவு நாள் காப்பாத்துவ? எனக்குச் சோறு இறங்காது இனிமே. கையை விடு.

மனைவி: உங்களைக் காப்பாத்துறதுக்காக நான் சொல்லலைங்க.

கணவன்: பின்ன?

மனைவி: நான்தான்னு சொன்னது... பொய் இல்ல.

கணவன்: என்ன உளர்ற? ஈயத்தைப் போட்டது நான்.

மனைவி: உக்காருங்க.

கணவன்: உக்காந்தா அவர் போயிடுவார்.

மனைவி: போகட்டும். என் பேரை அவன் எழுத வேண்டாம். உக்காருங்களேன்... என் முகத்தைப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் பாத்து உக்காருங்க.

கணவன்: சரி. உக்காந்துட்டேன். சொல்லு.

மனைவி: நேத்து வண்டியை நிறுத்த எனக்கு நேரமே ஆகல. முதல் வரிசையிலயே இடம் கிடைச்சுது. உடனே திரும்பி வந்துட்டேன். நீங்க பைக்கு முன்னாடி குத்த வச்சு உக்காந்திருந்தீங்க. உங்க முதுகு தெரிஞ்சுது, கை உள்ள போயிட்டு வர்றதும் தெரிஞ்சுது. ஒரு குரல் கொடுத்திருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க... நான் பக்கத்துல இருந்த படகுக்குப் பின்னாடி நகர்ந்து நின்னுக்கிட்டேன். நீங்க போட்டு முடிக்கட்டும்னு.